கொடி பிடித்தவள் விசில் அடித்த கதை

உங்களில் யாராவது, ஒரே நேரத்தில் முந்நூறு பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா? பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர், வகுப்பில் பேசுகிறவன் பேரைப் பலகையில் எழுதும் லீடர்... நீங்களெல்லாம் கொஞ்சம் கையைத் தூக்கலாம், நாம் ஒரே சாதி. மற்றவர்கள் என் பிழைப்பைக் கேட்டால், அவரவர் பிழைப்பு தேவலாம் என்று நிம்மதியாகத் தூங்கலாம். நான் கால்பந்து நடுவர். ஜெயிக்கிறவர்கள் எல்லாம் அவர்கள் திறமையால் ஜெயிப்பார்கள். தோற்கிறவர்கள் எல்லாம் என்னால் தோற்பார்கள்.

பிறந்த ஊர் பரமக்குடிக்குப் பக்கத்தில், மிளகாய் விளையும் கரிசல் காடு. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பெண்கள் அணியில் ஆள் குறைகிறது என்று பி.டி. டீச்சர் என்னைக் கையைப் பிடித்து மைதானத்துக்குள் இழுத்துவிட்டார். அன்றைக்கு உள்ளே போனவள்தான். பிளஸ் டூ வரை ஆடினேன், அப்புறம் மாவட்ட நடுவர் பரீட்சை எழுதித் தேறினேன், அப்புறம் கல்யாணமாகி உச்சிப்புளிக்கு வந்தேன். வீட்டுக்காரர் மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றும் 'குட்டி யானை' வண்டி ஓட்டுகிறார். மகள் வயிற்றில் வந்ததிலிருந்து அவள் தவழும் வரை மைதானம் பக்கமே நான் போகவில்லை.

திரும்பிப் போனபோது எங்கள் நடுவர் குழுவின் தலைவர் ஒரு கண்டிசன் போட்டார். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் அவர், நாங்கள் எல்லாரும் வெறுமனே 'சார்' என்போம். "இந்த சீசன் பூராம் கோட்டோரமா கொடி பிடிம்மா. ஸ்கூல் பையக ஆட்டத்துக்கு வேணா விசில் தாரேன். கடைசியா ஒரு பெரிய ஃபைனல்ல ஒன்னைய நடுவுல நிறுத்துறேன். ஒரு புகார்க் காயிதம் வரலைன்னா ஒன் பேரை மாநிலப் பரீட்சைக்கு அனுப்பிருவேன். வந்துச்சு, மறுபடி கொடிதான். எத்தனை வருசமோ எனக்குத் தெரியாது."

ஒரே ஒரு காகிதம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் தெருக்குழாயில் தண்ணீர் சொட்டினாலே மூன்று பக்கத்துக்கு மனு எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பஸ்ஸைத் துரத்தியவள்

கொடியோ விசிலோ, முதலில் ஓட்டத் தேர்வில் தேற வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு 'நான் வரலை, நீ மட்டும் போயிட்டு வா' என்று சொல்லிவிட்டது. அதனால் விடிந்ததும் மகளை அத்தையிடம், அதாவது மாமியாரிடம், விட்டுவிட்டு ராமநாதபுரம் ரோட்டில் ஓடிப் பழகினேன். சுடிதார், அதற்கு மேல் வீட்டுக்காரரின் பழைய பனியன், காலில் ஷூ. இந்தக் கோலத்தில் எங்கள் ஊர் ரோட்டில் அதற்கு முன்னால் யாரும் ஓடியது கிடையாது.

மூன்றாம் நாள், பின்னால் வந்த முதல் டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய் ஐம்பதடி தள்ளி நின்றது. நான் அதைத் தாண்டி ஓடினேன். பஸ் கிளம்பி, மறுபடியும் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஜன்னலில் இருந்த தலையெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது. ஒரு பெரியவர் படிக்கே வந்து, பிடித்துத் தூக்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். விளக்கம் சொல்கிற அளவுக்கு என்னிடம் மூச்சு இல்லை. ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் அதே இடம், அதே பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, தெனமும் இப்புடி ஓடி வந்து பிடிக்கிறதுக்கு ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடி எந்திரிச்சா என்ன?"

படகு வருவதற்கு முன்னாடி

தேர்வில் தேறினேன், கையில் கொடி வந்தது. கோட்டோரம் ஓடுகிற நடுவருக்கு முக்கிய வேலை ஆஃப்சைடு பார்ப்பது. தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடலோர மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். மீன் விற்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து, சரியாக அந்தக் கோட்டின் மேலேயே கூடையைக் கவிழ்த்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நகரச் சொன்னால், "நீதான் எளசு, எங்களச் சுத்தி ஓடு தாயி" என்கிறார்கள். முதல் தடவை நான் கொடியைத் தூக்கியதும் அவர்களில் மூத்த அம்மா, வாய் நிறைய வெற்றிலையோடு, "என்னத்தா, ரயிலு வருதா?" என்று கேட்டார்.

பந்து கடலுக்குப் போய் ஆள் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு நேரம் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பந்து வருவதற்கு முன்னாடியே எதிராளிகளைத் தாண்டிப் போய் கோல் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றேன். "ஏன், நின்னா என்ன? காலு வலிக்குமா?" என்றார். அப்புறம் வேறு மாதிரி சொன்னேன். "படகு கரைக்கு வருது. மீன் ஏலம் எடுக்க நீங்க எல்லாரும் கரையில வரிசையா நிக்கிறீங்க. ஒருத்தி மட்டும் படகு வர்றதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள எறங்கிப் போயி கூடையோட நிக்கிறா. விடுவீங்களா?" "விடுவமா? கொண்டையப் பிடிச்சு இழுத்துப் போட மாட்டோம்?" "அதுக்குப் பேருதான் ஆஃப்சைடு."

இவ்வளவுதானா என்பது போல வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த பத்து நிமிசம் எனக்கு வேலையே இல்லை. நான் கையைத் தூக்குவதற்கு முன்னால் கோடு முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் குரல் வரும், அதுவும் முக்கால்வாசி சரியாகவே இருக்கும்:

"ஏத்தா கொடிக்காரி, ஒம்பதாம் நம்பரு படகு வருமுன்ன தண்ணிக்குள்ள எறங்கிட்டான், தூக்கு கொடிய!"

சுற்றமும் நட்பும் சூழ

பள்ளிக்கூடப் பையன்கள் போட்டிக்கு சார் சொன்னபடியே விசில் கொடுத்தார். கிளம்புகிற அவசரத்தில் பையைத் திறந்தால் மஞ்சள் அட்டை இருக்கிறது, சிவப்பு அட்டையின் ஒரு மூலையை மகள் மென்று தின்றிருக்கிறாள். பல் முளைக்கிற வயசு, அவளுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் தேடினேன். ஆணியில் செருகியிருந்த பத்திரிகைகளில், சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழாப் பத்திரிகை ஒன்று நல்ல அடர்ந்த சிவப்பில், கெட்டியான அட்டையில் இருந்தது. கத்திரிக்கோலால் அளவாக வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பையன்கள்தானே, தேவைப்படாது என்று நினைப்பு.

தேவைப்பட்டது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், பந்து ஒரு திசையில் போக, வேறு திசையில் உதைத்தான். உதை வாங்கியவன் சுருண்டு விழுந்தான். நான் ஓடிப் போய், கம்பீரமாக, அச்சடித்த பக்கம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அட்டையை நேராக அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவன் கோபமாகப் பார்த்தான். அப்புறம் கண்ணைச் சுருக்கிப் படித்தான். "அக்கா, இதுல 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து'ன்னு போட்டிருக்கு. நீங்க வெளிய போங்கறீங்க." அடிபட்டுக் கிடந்தவனும் எழுந்து சிரித்தான். ரெண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் சிரித்தார்கள். ஆனாலும் பையன் வெளியேதான் போனான்.

விசயம் அன்றைக்கே சார் காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது. திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நல்ல வேளை, எல்லாரும் சிரிச்சுட்டாய்ங்க, காயிதம் வரலை. ஃபைனல்ல எவனும் சிரிக்க மாட்டாம்மா."

அய்யாவின் தொண்டை

ஒரு பொங்கல் போட்டிக்கு ஆள் பற்றாக்குறை. நான் பிறந்த ஊரிலேயே கொடி பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ரெண்டு கேப்டன்களிடமும் "இது எங்க ஊரு, ஆட்சேபணை உண்டா?" என்று முதலிலேயே கேட்டேன். பக்கத்து ஊர் கேப்டன், "ஒங்க ஊர்க்காரய்ங்கதான் ஒங்களத் திட்டப் போறாய்ங்க, எங்களுக்கென்ன" என்றான். விவரமான பையன். கடைசி ஐந்து நிமிசத்தில் எங்கள் ஊர் போட்ட கோலுக்கு நான் கொடியைத் தூக்கிவிட்டேன். ஆஃப்சைடு என்றால் அப்படியொரு ஆஃப்சைடு, மறைக்கவே முடியாது.

ஊரே எழுந்துவிட்டது. கண்மாய்க் கரையில் நின்றவர்கள், வேலிக் கருவை மேல் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். பிறந்த ஊருக்குத் துரோகம் பண்ணிவிட்டாள், கட்டிக்கொடுத்த இடத்துப் புத்தி வந்துவிட்டது என்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்குப் பழகின ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எங்கள் அய்யா. நாலு மணிக்கெல்லாம் மிளகாய்க் காட்டிலிருந்து நேராக என்னைப் பார்க்க வந்தவர், தலைத் துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு, "யாருப்பா இந்தக் கொடியப் பிடிக்க விட்டது? கண்ணு தெரியுதா, தெரியலையா?" என்று எல்லாருக்கும் மேலே கத்திக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தேன். அய்யா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல், காப்பி டம்ளரைப் பார்த்துச் சொன்னார்:

"அத்தனை பேரு கத்துறாய்ங்க, நான் மட்டும் சும்மா நின்னா அப்பனும் மகளும் கூட்டுன்னு சொல்லிருவாய்ங்கள்ல தாயி."

இடைவேளைப் பால்

சீசன் முழுக்க மகளும் மைதானத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் ஐஸ் இறக்கிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு இடைவேளைக்குச் சரியாக வந்து நிற்பார். குட்டி யானையின் முன் சீட்டில், கதவில் துண்டைத் தொங்கவிட்டு, பத்து நிமிசத்தில் பால் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். மற்ற நடுவர்கள் இடைவேளையில் தண்ணீர் குடித்து, காலை நீட்டி உட்காருவார்கள். எனக்கு அது ரெண்டாவது ஷிப்ட்.

ஒருநாள் மகள் பாதியில் தூங்கிவிட்டாள். எழுப்பினால் அழுவாள், எழுப்பாவிட்டால் விடமாட்டாள், சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பத்து நிமிசம் தாண்டி ரெண்டு நிமிசமாகிவிட்டது. ரெண்டு அணியும் மைதானத்துக்குள் வந்து நிற்கிறது. நேரம் தாழ்த்தினாள் என்று யாராவது எழுதிப் போட்டால் அதுவும் புகார்தான். நான் விரல் விரலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது ஒரு அணியின் கேப்டன், நல்ல உயரமான கடல் தொழிலாளி, வண்டிக்குப் பின்பக்கம் வந்து, எங்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்:

"அவசரம் இல்லக்கா, பாப்பா முடிக்கட்டும். நாங்களும் இன்னும் தண்ணி குடிக்கலைன்னு வச்சுக்கங்க."

விசில் கைக்கு வந்தது

கடைசியில் அந்த ஃபைனல் வந்தது. பாம்பன் பாலத்துக்கு அங்கிட்டு ஒரு கிறிஸ்தவ மீனவ ஊர். மாதா கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் நடத்துகிற போட்டி. கோயிலை ஒட்டினாற் போல மணல் மைதானம், கோல் கம்பத்தில் கட்டியிருப்பது பழைய மீன் வலை. ஒரு பக்கம் அந்த ஊர் அணி. இன்னொரு பக்கம், அரையிறுதியில் ஜெயித்து வந்து சேர்ந்தது, பரமக்குடி அணி. சாரிடம் "நான் அந்தப் பக்கத்துக்காரி சார்" என்றேன். "கல்யாணமாயிருச்சுல்ல, இப்ப நீ உச்சிப்புளிக்காரி" என்று முடித்துவிட்டார்.

விழாக் கமிட்டித் தலைவர், படகு வைத்திருக்கிறவர், வெள்ளை வேட்டி சட்டையில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் ரெண்டு பேனா இருந்தது. என் கண் அந்தப் பேனாக்களிலேயே நின்றது. பங்குத் தந்தைதான் கலகலப்பான மனுசர். "பொம்பளை நடுவர் எங்க ஊருக்கு இதான் முதல் தடவை" என்று கைகொடுத்தார். ஆட்டம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்குள் முடிய வேண்டியது. சிறப்பு விருந்தினர் நாலே முக்காலுக்குத்தான் வந்தார். வந்தவர் பந்தை ஒரு உதை உதைத்துவிட்டுப் போயிருக்கலாம், மைக்கைப் பிடித்துவிட்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொன்னார்:

"லேட்டானதுக்கு எங்களக் குத்தம் சொல்லாதீங்க, ஆனா கோல் விழுந்தா அது ஒங்க பொறுப்பு."

ஆறு மணி

ரெண்டாம் பாதி. ரெண்டு பக்கமும் கோல் இல்லை. ஒரு வாய்ச்சண்டைக்கு மஞ்சள் அட்டை, நிஜ அட்டை, காட்டியிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. புதுமடத்தில் ஆட்டம் வைத்தால், பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் விசில் அடித்து நிறுத்திவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தரைக்கு முடிகிற ஆட்டத்துக்கு ஆறு மணியைப் பற்றி யார் சொல்வார்கள்?

பரமக்குடிப் பையன் ஏழாம் நம்பர், நீளமாக வந்த ஒரு பந்தைத் துரத்தி எதிர் கோலைப் பார்த்து ஓடுகிறான். அந்த நேரம் மாதா கோயில் மணி அடித்தது. மூவேளைச் செபம். அந்த ஊரில் அந்த மணி கேட்டால் வலை பின்னுகிற கை நிற்கும், சைக்கிள் நிற்கும், டீ ஆற்றுகிற கை நிற்கும். ஊர் அணி பதினோரு பேரும் நின்ற இடத்தில் நின்று கைகூப்பிவிட்டார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. என் காலும் நின்றது, கை கூப்பியது, கண் மூடியது. சின்ன வயசிலிருந்து கோயில் மணி கேட்டால் கண்ணை மூடிக் கும்பிட்டே பழகின உடம்பு. எந்தக் கோயில் மணி என்று அது கேட்கவில்லை. விசில் வாயில் இருந்தது, ஆனால் நான் ஊதவில்லை.

மணி நின்று கண்ணைத் திறந்தால், பந்து வலைக்குள் கிடக்கிறது. ஏழாம் நம்பர் பையன் மூலைக் கொடிக் கம்பத்தடியில் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எல்லாருக்கும் முதுகு காட்டி ஓடியவனுக்கு எதுவும் தெரியாது. கோல் போட்டுத் துள்ளித் திரும்பிப் பார்த்தால் ஊரே சிலையாக நிற்கிறது. பயந்துபோய், தூக்கிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், சத்தம் கிளம்பியது. "செல்லாது!" "மணி அடிக்கையில என்ன கோலு?" "கையால தட்டி விட்டிருப்பான்!" "பரமக்குடிக்குப் பரமக்குடி ரெஃபரி!" ரெண்டு பக்கக் கொடி நடுவர்களிடமும் ஓடினேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, "கண்ண மூடிட்டோம்மா" என்றார்கள்.

கோல் என்று சொன்னால் இந்த ஊர் எழுதும். இல்லை என்று சொன்னால் பரமக்குடி எழுதும். எப்படியும் காகிதம் ஒன்று வரப் போகிறது, பொய் சொல்லிவிட்டு அதை வாங்குவானேன் என்று தோன்றியது. ரெண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "நான் விசில் அடிக்கல. விசில் அடிக்காம ஆட்டம் நிக்காது, அதான் சட்டம். மணி அடிச்சதும் ஊதி நிறுத்தியிருக்கணும், அது என் தப்பு. ஆனா பந்து எப்புடி உள்ள போச்சுன்னு நான் பாக்கல. நானும் கண்ண மூடித்தான் நின்னேன். பாத்தவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

பரமக்குடிப் பையன்கள் "நாங்க பாத்தோம்" என்று கையைத் தூக்கினார்கள், அதை இந்த ஊர் எங்கே நம்பும்? அப்புறம் கோல் கம்பத்தடியிலிருந்து ஊர் அணியின் கோல்கீப்பர் சூசை மெதுவாக நடந்து வந்தான். இருபத்தைந்து வயசிருக்கும், படகில் வேலை. "கோலுதாங்க்கா. கால்லதான் அடிச்சான். நான் பாத்தேன்." கோட்டோரம் நின்ற பங்குத் தந்தை, "ஏலே சூசை, நீ கண்ணத் தொறந்துக்கிட்டா ஜெபிச்ச?" என்றார். "ஒரு கண்ணு மட்டும் ஃபாதர்." அவனுடைய கேப்டன் தன் தலையில் கைவைத்துக்கொண்டு, "பாத்தவன் ஏண்டா பிடிக்கல?" என்று கத்தினான். சூசைக்கு அழுகையே வந்துவிட்டது.

"கும்பிட்ட கைய எப்புடிய்யா பிரிக்கிறது?"

தாளும் பேனாவும்

கோல் என்று கை காட்டினேன். ஒன்றுக்குப் பூச்சியம், அப்படியே ஆட்டம் முடிந்தது. கோப்பை பரமக்குடிக்குப் போனது. நான் மைதானத்து ஓரத்தில் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் தலைவர் வந்து உட்கார்ந்து, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பையிலிருந்து பேனாவை எடுத்தார். பக்கத்தில் பங்குத் தந்தையும் வந்து நின்றார். திருவிழாப் போட்டி பற்றிய காகிதம் எதுவானாலும் ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். மகளை இடுப்பில் வைத்திருந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு வருசத்து ஓட்டம் எல்லாம் அந்தப் பேனா முனையில் நிற்பது அவருக்கும் தெரியும்.

தலைவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "பொருள்: நடுவர் ஆட்டத்தின்போது கண்ணை மூடியது தொடர்பாக." அழகான கையெழுத்து. பங்குத் தந்தை குனிந்து பார்த்தார். "எப்ப மூடுனாங்கன்னு எழுதலையே?" "மணி அடிக்கையில, ஃபாதர்." "எந்த மணின்னு எழுதுங்க." தலைவர் எழுதினார். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு தடவை படித்தார். பங்குத் தந்தை மெதுவாகக் கேட்டார். "நம்ம கோயில் மணி கேட்டு ஒரு இந்துப் பொண்ணு கண்ண மூடிக் கும்பிட்டுச்சு, அது பெரிய தப்புன்னு நீங்க எழுதுறீங்க. அதுல நானும் கையெழுத்துப் போடணும். அப்படித்தான?"

தலைவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தாளை நாலாக மடித்தார். கோபம் இன்னும் போகவில்லை, எங்கேயாவது அதை இறக்கி வைக்க வேண்டுமே. மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப, கோல் வலை சரியில்லைன்னு வேணா எழுதவா ஃபாதர்?"

வலை தலைவர் வீட்டு வலை. அதோடு அந்தத் தாள் அவர் பைக்குள் போய்விட்டது. ரிப்போர்ட்டில் நடந்ததை நடந்தபடி, என் கண் மூடியது உட்பட, நானே எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து சார் போன் பண்ணினார். "ரெண்டு ஊர்லருந்தும் காயிதம் வரலை. நீயே ஒம்மேல ஒண்ணு எழுதியிருக்க. அது புகார்ல சேராது, பரீட்சைக்குப் படி" என்று வைத்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடி, அதை ஊரைக் கூட்டி ஒப்புக்கொண்டு, அதற்கப்புறமும் பதவி உயர்வுக்குப் பேர் அனுப்பப்பட்ட ஒரே நடுவர் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மைதானத்திலிருந்து எங்கள் குட்டி யானை கிளம்பும்போது, கோல்கீப்பர் சூசை கையுறையைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே ஓடி வந்தான். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். சூசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அக்கா, ரிப்போர்ட்டுல நீங்க எழுதுறத எழுதிக்கங்க. ஆனா எங்கம்மா எங்கனயாச்சும் ஒங்களப் பாத்துக் கேட்டா, காத்துக்கு மண்ணு விழுந்துதான் சூசை ஒரு கண்ணத் தொறந்தான்னு சொல்லிருங்க்கா."